மெதுவாக வரும் பந்து

சென்ற திங்கள் இப்பகுதியில், பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று வாசக அன்பர்களைக் கேட்டிருந்தோம். வந்த மறுமொழிகளில் கணினி, இசை, இந்தி, தட்டச்சு எல்லாம் இருந்தன. விளையாட்டைப் பற்றி ஒரே ஒரு கடிதந்தான் வந்தது. எழுதியவர் ஓர் அன்னையார். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். பாலக்காட்டு எல்லையோரப் பள்ளித் திடலில் நாம் ஞாயிறுதோறும் நடத்தி வரும் டென்னிஸ் வகுப்பில் சேர விரும்புகிறாள். "அது பணக்காரர் ஆட்டம் அல்லவா? பதினான்கு வயதில் தொடங்கினால் வருமா? வந்தாலும் நம் பெண்ணுக்கு அதனால் என்ன?" என்று மூன்று வினாக்களை அன்னையார் விடுத்திருக்கிறார். மூன்றும் நியாயமானவையே. ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட, மூன்று ஆண்டுகளில் அவ்வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுவது நலம் என்று தோன்றுகிறது. அங்கே நாம் கற்பித்தது கொஞ்சம், கற்றுக்கொண்டது மிகுதி.

நாம் பயிற்சி பெற்ற ஆசிரியரும் அல்லோம், பேர்பெற்ற ஆட்டக்காரரும் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தோம். முன்பு வேலை பார்த்த ஊரில் இரயில்வே இன்ஸ்டிட்யூட்டை ஒட்டி ஒரு டென்னிஸ் களம் இருந்தது. ஓய்வு பெறும் வயதை எட்டியிருந்த கார்டு ஒருவர் மாலை வேளைகளில் அங்கே ஆடுவார். ஆடத் துணையில்லாத நாட்களில் எம்மை அழைப்பார். எமக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அதுவரை டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை. அவர் எமக்கு எந்த இலக்கணமும் சொல்லவில்லை. நாம் அடிக்கத் தக்கபடி பந்தை மெதுவாக அனுப்புவார்; நாம் அதைத் திருப்பி அனுப்புவோம்; அவ்வளவே. ஆறு மாதத்தில் நாமும் ஓரளவு ஆடுவோரானோம். அவர் அன்று எமக்குச் செய்தது எத்துணை அரிய செயல் என்பது, பிற்காலத்தில் பிள்ளைகளுக்கு நாமே கற்பிக்கப் புகுந்து தோற்ற பிறகுதான் விளங்கியது.

பணக்காரர் ஆட்டம் என்று அன்னையார் கூறுவதில் பிழையில்லை. ஆட்டம் பிறந்ததே அப்படித்தான். இங்கிலாந்தில் விங்ஃபீல்டு என்னும் இராணுவ அதிகாரி, மாளிகைகளின் புல்தரையில் ஆடுவதற்கென்று இதனை அமைத்து 1874-இல் காப்புரிமை பெற்றார். 1877 ஜூலையில் விம்பிள்டனில் முதல் போட்டி நடந்தது; இருபத்திரண்டு பேர் பெயர் பதிந்திருந்தனர். அதே 1877 ஜூலையில்தான் பூஞ்ஞாற்று மன்னர் கண்ணன் தேவன் மலைகளை மன்றோ என்னும் ஆங்கிலேயருக்குக் குத்தகையாக எழுதிக்கொடுத்தார். இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆயினும் நம்மவர் கதையில் இவ்விரண்டும் பின்னர் ஒன்றாகக் கலந்துவிட்டன. அம்மலைகளில் முதலில் சிங்கோனாவும் காப்பியும் நட்டுப் பார்த்தார்கள். பிறகு தேயிலை வந்தது. தேயிலையோடு நெல்லைச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் நம் முன்னோர் மலையேறி வந்தனர். துரைமார்களுக்குப் பங்களா எழுந்தது; பங்களாவிற்குப் பின் கிளப் எழுந்தது; கிளப்பில் டென்னிஸ் களம் அமைந்தது. நம்மவருக்கு அக்களத்தில் கிடைத்த இடம், பந்து பொறுக்கும் பையனின் இடம்.

இரயில்வேக்காரர் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லாமல் அப்பால் செல்ல மனம் வரவில்லை. இன்று இடுக்கி மாவட்டத்தில் இரயில் பாதையே கிடையாது. ஆனால் மூணாற்றில் ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் ஓடியது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டியாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக மாறி, 1924 வெள்ளத்தில் அழிந்தது. அதன் கதையைப் பிறிதோர் இதழில் விரிப்போம்.

பணக்காரர் ஆட்டமாகப் பிறந்ததெனினும் அது அவர்களோடே நின்றுவிடவில்லை. 1937-இல் நாகர்கோயிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், தம் தந்தை டி.கே. இராமநாதனிடம் ஆட்டம் பயின்றார். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அப்பட்டத்தை முதலில் பெற்றவர் அவரே. 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றார். அவர் தோற்றது ஃபிரேசரிடமும் லேவரிடமும். அவ்விருவருமே அவ்வவ்வாண்டில் பட்டம் வென்றவர்கள். அவர் மகன் இரமேஷ் 1979-இல் அதே இளையோர் பட்டத்தைப் பெற்றார். தந்தையும் மகனும் வன்மையாக அடித்து வென்றவர்கள் அல்லர். பந்தை மென்மையாகத் தொட்டு, வேண்டிய இடத்தில் வைத்து வென்றவர்கள் என்பதே அவர்களைப் பற்றிய பேச்சு. பெண் பிள்ளையைப் பெற்ற அன்னையார்க்கு இன்னொன்று: வாளையாற்றுக்கு அப்பால் கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன், 1998-இல் ஆஸ்திரேலியப் பெரும்போட்டியின் முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்றார். ஓபன் காலத்தில் அத்தகைய பெரும்போட்டியில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்.

இவர்களைக் காட்டி உங்கள் பிள்ளையும் அங்கே போவாள் என்று நாம் ஆசைகாட்ட மாட்டோம். விம்பிள்டன் இளையோர் பட்டத்தைப் பெற்றபோது கிருஷ்ணனுக்கு வயது பதினேழு. பதினான்கில் மட்டையைத் தொடுகிற பிள்ளை அந்த வழியில் செல்ல இயலாது. விளையாட்டு வீரர்க்கென இரயில்வேயில் வேலை ஒதுக்கீடு இருப்பது மெய். அதை எண்ணிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரிடம், அதற்காக அனுப்ப வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம். இருவர் அப்போதே திரும்பிப் போனதுண்டு.

இனி எம் தோல்விக்கு வருவோம். முதலாண்டு வகுப்பில் இருபத்துநான்கு பிள்ளைகள் சேர்ந்தார்கள். மட்டைகள் ஐந்து. உண்மையான டென்னிஸ் களம் ஒன்றில் தொடங்கவேண்டும் என்று எமக்குப் பெரும் ஆசை. காலியாகக் கிடந்த களமொன்றை உடையவர்களுக்கு இருமுறை எழுதினோம், மறுமொழி இல்லை. ஆதலால் பள்ளித் திடலிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு, எழுபத்தெட்டடி நீளத்திற்கு அளந்து, நடுவில் மூன்றடி உயரத்தில் வலை கட்டினோம். புதுப் பந்து வாங்கினோம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒருவர்பின் ஒருவராக வரச்செய்து, பந்தை எறிந்து அடிக்கச் சொன்னோம். அடித்தவர் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். பொறுக்குவதற்கு இரண்டு சிறுவர்களைத் தனியே நிறுத்தினோம். எல்லாம் முறையாக நடக்கிறது என்று எமக்கு உள்ளூரப் பெருமிதம்.

மூன்றாம் ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். "சார், இன்றைக்கு எனக்குப் பதினைந்து பந்து கிடைத்தது" என்றாள். பாராட்டுகிறாள் என்று எண்ணினோம். "மற்ற நேரமெல்லாம் வெயிலில் நின்றேன்" என்று சேர்த்துச் சொன்னாள்.

வீட்டிற்கு வந்து கணக்குப் போட்டோம். எழுத்தர் தொழிலில் கணக்கு மட்டும் பிசகாது. ஒரு பந்துக்குப் பத்து விநாடி. ஒரு மணி நேரத்தில் முந்நூற்றறுபது பந்து. அதை இருபத்துநான்கால் வகுத்தால் பதினைந்து. அப்பெண் சரியாகவே எண்ணியிருக்கிறாள். அந்தப் பதினைந்திலும் வலையைத் தாண்டியவை நான்கோ ஐந்தோ. திரும்பி வந்த பந்து ஒன்றுகூட இல்லை. எதிரில் ஆள் இருந்தால்தானே வரும்? டென்னிஸ் என்பது பந்தை அடிப்பது அன்று. இருவர் தமக்குள் பந்தை அனுப்பிக்கொள்வது. நாம் அந்த ஆட்டத்தை மூன்று வாரமாக ஒரு நிமிடங்கூட அவர்களுக்குக் காட்டவில்லை. பொறுக்க நின்ற இரு சிறுவரும் நான்காம் வாரம் வரவில்லை.

அதன்பின் அந்தக் கார்டு ஐயாவை நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினோம். இத்துறையில் உலகம் முன்னரே மாறியிருந்தது, நாம்தான் அறியாதிருந்தோம். பன்னாட்டு டென்னிஸ் சம்மேளனம் 2007 முதல், புதிதாகக் கற்போர்க்கு மெதுவான பந்து, சிறிய களம், தாழ்ந்த வலை என்ற முறையை உலகெங்கும் பரப்பி வருகிறது. சிவப்புப் பந்து வழக்கமான பந்தைவிட முக்கால் பங்கு வேகம் குறைந்தது. ஆரஞ்சுப் பந்து அரைப்பங்கு. பச்சைப் பந்து கால்பங்கு. ஒவ்வொன்றிற்கும் களத்தின் அளவு வேறு. ஆரஞ்சுப் பந்துக்கான களம் ஏறத்தாழப் பதினெட்டு மீட்டர் நீளம், அகலம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல்வரை. இதைப் படித்தபோது துள்ளிக் குதித்தோம். ஏனெனில் வாலிபால் களத்தின் அளவு பதினெட்டுக்கு ஒன்பது மீட்டர்! வாலிபால் களம் இல்லாத பள்ளி நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? பக்கக் கோட்டை ஓரடி, இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டால் களம் ஆயிற்று. சிவப்புப் பந்துக்கு அதனினும் சிறிய களம் போதும்; இறகுப்பந்துக் களம் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். வலைக்குப் பதிலாக இரு கம்பங்களுக்கிடையே இடுப்பளவில் கயிறு கட்டி, பழைய சேலையை அதன்மேல் போட்டுவிட்டோம். பந்து கயிற்றுக்கு மேலே சென்றதா கீழே சென்றதா என்ற வழக்கைச் சேலை தீர்த்துவிடும்.

பந்துக்கும் வழி பிறந்தது. டென்னிஸ் பந்தின் உள்ளே காற்று அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது. டப்பாவைத் திறந்த நாள்முதல் அந்த அழுத்தம் சிறிது சிறிதாகக் கசிந்துவிடும். ஆட்டக்காரர்கள் செத்த பந்து என்று தூக்கி எறிவது இதைத்தான். கற்பவர்க்கு அந்தச் செத்த பந்துதான் உயிர். அது தாழ எழும், மெதுவாக வரும், பிள்ளை காலை எடுத்து வைத்து, மட்டையைப் பின்னே கொண்டுபோய், நிதானமாக அடிக்க நேரம் கொடுக்கும். எறியப்படும் பழைய பந்துகளைக் கேட்டு வாங்கினோம். காசு கொடுத்து வாங்கியவை பத்துப் பச்சைப் பந்துகள் மட்டுமே.

இப்போது வகுப்பு இப்படி நடக்கிறது. வந்தவுடன் இருவர் இருவராகப் பிரிகிறார்கள். முதலில் மட்டை இல்லை. வெறுங்கையால் பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி எதிரிலிருப்பவர்க்கு அனுப்ப வேண்டும், அவர் பிடிக்க வேண்டும். பந்து தரையைத் தொடும்போது "தரை" என்றும், கையில் படும்போது "அடி" என்றும் உரக்கச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்கு முதலில் வெட்கப்படுவார்கள். ஐந்து நிமிடத்தில் வெட்கம் போய்விடும். பந்தைக் கண்ணால் தொடர்வதற்கு இதனினும் எளிய வழி எமக்குத் தெரியாது. வாயால் சொல்வதற்காகவேனும் பந்தைப் பார்த்தாக வேண்டுமல்லவா? மட்டை கைக்கு வந்த பின்னும் "தரை, அடி" தொடரும்.

மட்டையைப் பிடிக்கக் கற்பிப்பதற்கு அதனோடு கைகுலுக்கச் சொன்னால் போதும். விரல்களின் பெயரும் கோணத்தின் பெயரும் வேண்டியதில்லை. பந்து மட்டையில் படும் இடம் உடம்புக்கு முன்னால் இருக்கவேண்டும். மட்டை கீழிருந்து மேல்நோக்கிச் சென்று எதிர்த்தோள்வரை போய் நிற்கவேண்டும். ஃபோர்ஹேண்டுக்கு முதல் மாதத்தில் நாம் சொல்வது இவ்வளவே. ஒரு நாளைக்கு ஒரு சொல்லுக்குமேல் திருத்துவதில்லை என்று எமக்கு நாமே விதி வகுத்துள்ளோம். அவ்விதியைப் பலமுறை மீறியதும் உண்டு. ஒருநாள் ஒரு பெண்ணிடம், முழங்கால், தோள், மணிக்கட்டு என்று அடுக்கிக்கொண்டே போனோம், அவள் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "எதைச் செய்யட்டும் சார்?" என்றாள்.

கிரிக்கெட் ஆடி வந்த பையன்களிடம் ஒரு தனித் தொல்லை உண்டு. பந்து வந்தால் எல்லைக்கோட்டைத் தாண்ட அடிக்க வேண்டும் என்று அவர்கள் கை பழகியிருக்கிறது. இங்கே தாண்டினால் புள்ளி போயிற்று. இரு கையால் அடிக்கும் பேக்ஹேண்ட் அவர்களுக்கு எளிதில் வரும் என்று எண்ணியிருந்தோம். வரவில்லை. பிறகுதான் கவனித்தோம்: வலக்கை ஆட்டக்காரன் கிரிக்கெட் மட்டையைப் பிடிக்கும்போது பிடியின் நுனியில் இருப்பது இடக்கை, டென்னிஸ் பேக்ஹேண்டில் நுனியில் இருக்கவேண்டியது வலக்கை. கைகள் இடம் மாற வேண்டும். கிரிக்கெட்டில் இடக்கை ஆட்டம் ஆடுகிறவனுக்கு முதல் நாளே வந்துவிட்டது! எறிபந்து ஆடும் பெண்களும், கபடி ஆடிக் கால் பழகியவர்களும் வெகு விரைவில் தேறுகிறார்கள்.

சர்வீஸ்தான் கடினம் என்று எல்லோரும் அஞ்சுவார்கள். மாமரத்தில் கல்லெறிந்து காய் வீழ்த்தாத பிள்ளை நம் பக்கத்தில் உண்டோ? அந்த எறிதான் சர்வீஸ். முதலில் கோட்டில் நின்று வெறும் பந்தை அப்படியே எதிர்க்கட்டத்தில் எறியச் சொல்கிறோம். பிறகு மட்டையைப் பாதிவரை பிடித்து, அதே எறியை மட்டையால் செய்யச் சொல்கிறோம். கெடுவதெல்லாம் இடக்கை தூக்கிப் போடும் பந்தில்தான். அதை எறியக் கூடாது. பரண்மேல் ஒரு பொருளை வைப்பதுபோல் கையை உயர்த்தி விடவேண்டும். மார்கழி, தை மாதங்களில் வாளையாற்றுக் கணவாய் வழியே கீழைக்காற்று புழுதியோடு வீசும்போது, தூக்கிப் போட்ட பந்து தலைக்குமேல் நில்லாது. அந்த மாதங்களில் கைக்கு அடியிலிருந்தே சர்வீஸ் செய்யலாம் என்று விட்டுவிட்டோம். ஆட்டவிதி அதைத் தடுக்கவில்லை.

இவை யாவற்றினும் முதன்மையான விதி ஒன்று எம் வகுப்பில் உண்டு. பந்து பொறுக்குவதற்கென்று எவரையும் நிறுத்துவதில்லை. சீழ்க்கை ஊதியதும் அனைவரும், நாமும் சேர்ந்து, பொறுக்குவோம். இந்த விதியின் முழுப்பொருளும் எமக்கு விளங்கியது பாலக்காட்டில் அன்று, மூணாற்றில்.

கடந்த டிசம்பர் விடுமுறையில், எம் தமக்கையார் வீட்டிற்குச் சென்று பத்து நாள் தங்கினோம். அங்கே நம் சங்கத்து அன்பர்கள் கேட்டதற்கிணங்க, எஸ்டேட் பள்ளியொன்றின் வாலிபால் திடலில் காலை வகுப்பு நடத்தினோம். பதினாறு பிள்ளைகள். பதினெட்டுப் பந்துகள் கொண்டுபோயிருந்தோம். மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு நல்லதாகக் கொடுப்போம் என்று ஆறு புதுப்பந்துகளையும் அவற்றோடு சேர்த்திருந்தோம். முதல் நாள் அந்தப் புதுப்பந்துகள் எம்மைக் கேலி செய்துவிட்டன. மெல்லத் தட்டினாலும் தலைக்குமேல் எழுந்து, களத்தைத் தாண்டி, தேயிலைச் சரிவில் இறங்கிப் போயின. முதல் நாளே மூன்று போயின.

குற்றம் பிள்ளைகளுடையது அன்று. கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட இடங்களுக்கு டென்னிஸ் விதியில் தனிப்பந்தே உண்டு. மூணாறு ஏறத்தாழ ஐயாயிரம் அடியில் இருக்கிறது. அவ்வுயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்தை அது தடுப்பது குறைவு. வெளியழுத்தம் குறைய, பந்தின் உள்ளழுத்தம் ஓங்கி நிற்கும். அதனால் துள்ளலும் மிகும். சமவெளிப் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழவேண்டும் என்பது விதி. மலைக்குரிய பந்துக்கு அது 122 முதல் 135 செ.மீ. வரைதான். அதிகாலைக் குளிரில் இரப்பர் இறுகிப் பந்து சற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறியதும் பறக்கத் தொடங்கும். இரண்டாம் நாள் செத்த பந்துகளை மட்டும் எடுத்தோம். அவை அங்கே மிகச் சரியாக வந்தன.

பதினாறு பேரில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டாம் நாள் வந்து, மூன்றாம் நாள் வரவில்லை. நல்ல கண்ணும் காலும் உடையவன். விசாரித்தபோது, பாட்டனார் தடுத்துவிட்டார் என்றார்கள். மாலையில் அவர்கள் லயத்திற்குச் சென்றோம். பெரியவர் வாசலில் கம்பளி போர்த்து அமர்ந்திருந்தார். எழுபத்தேழு, எழுபத்தெட்டு வயதிருக்கும். எம்மை அமரச் சொல்லி, தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, "தம்பி, கோவிச்சுக்காதீங்க. கிளப்புல நான் பந்து பொறுக்கினது போதும். அவன் பொறுக்க வேண்டாம்" என்றார்.

பன்னிரண்டு வயதில் அவர் அவ்வேலைக்குச் சென்றிருக்கிறார். ஒரு மாலைக்கு நாலணா. மூன்று ஆண்டுகள் சென்றார். மட்டையைத் தொடக்கூடாது, கோட்டுக்குள் கால் வைக்கக்கூடாது, துரைசானி அம்மாள் கை நீட்டினால் பந்து அந்தக் கைக்கே வரவேண்டும். தவறினால் அன்றைய கூலியில் பிடித்தம். "லண்டன்ல தமிழ்ப் பையன் ஒருத்தன் செமிபைனல் ஆடுறான்னு துரைங்க பேசிக்கிட்டாங்க. நாங்க நம்பல" என்றார். 1960 ஆக இருக்கவேண்டும்.

நாம் வாதிடவில்லை. எங்கள் வகுப்பில் எல்லோரும் பொறுக்குவோம், நாமும் பொறுக்குவோம் என்று மட்டும் சொன்னோம். அவர் தலையை அசைத்தார். நம்பியதாகத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் காலை பனிமூட்டத்தில் குடையூன்றிக்கொண்டு திடல் ஓரத்தில் அவர் வந்து நின்றார். பேரன் பின்னால் நின்றான். சீழ்க்கை ஊதினோம். பிள்ளைகளோடு நாமும் குனிந்து பொறுக்கியதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரத்தில் ஒரு பந்து உருண்டு அவர் காலடிக்கு வந்தது. குடையைப் பேரனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து எடுத்தார். இருபதடிக்கு அப்பால் நின்ற சிறுமியை ஒரு கணம் நோக்கினார். கையைத் தாழ்த்தி விட்டார். பந்து ஒரே ஒரு துள்ளல் துள்ளி அச்சிறுமியின் இடுப்பளவில் வந்து நின்றதுபோல் இருந்தது. அவள் மட்டையை நீட்டினாள். பந்து கயிற்றைத் தாண்டிப் போயிற்று. அன்றுவரை அவள் அடித்த பந்து கயிற்றைத் தாண்டியதே இல்லை.

கற்பிப்போர்க்கு இதன் அருமை தெரியும். புதிதாகக் கற்பவருக்குப் பந்தைக் கையால் போட்டுக் கொடுப்பது ஒரு தனிக்கலை. வேகம் மிகினும் குறையினும், ஓரடி தள்ளி விழினும், பிள்ளையின் அடி கெட்டுவிடும். நாம் மூன்றாண்டு பழகியும் பத்துக்கு ஆறுதான் சரியாக விழும். அறுபது ஆண்டுகளுக்குமேல் பந்தையே தொடாத அம்முதியவரின் கையில் பத்துக்குப் பத்தும் விழுந்தன. "ஐயா, இன்னும் கொஞ்சம் போட்டுத் தர இயலுமா?" என்று கேட்டோம். "எந்தக் கை ஆட்டக்காரி?" என்று மட்டும் கேட்டார்.

எஞ்சிய நாட்களில் மூன்று காலை அவர் வந்தார். நாற்காலி போட்டுக் கொடுத்தோம், அமரவில்லை. வரிசை வரிசையாகப் பிள்ளைகள் அவரிடம் சென்று பந்து வாங்கினார்கள். இரு மட்டையும் ஒரு சேலைக் கயிறும் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் அவர் போட, மறுபக்கம் பேரன் திருப்பி அனுப்ப, அச்சிறுமி கடைசி நாளன்று தொடர்ந்து பதினொரு முறை பந்தைத் திருப்பினாள். ஒரு பிள்ளை தன் மட்டையை அவரிடம் நீட்டி, "நீங்களும் அடிங்க தாத்தா" என்றது. வாங்கிப் பிடியைத் தடவிப் பார்த்தார். "கனமே இல்லையே, அந்தக் காலத்து மட்டை மரம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடிக்கவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.

கடிதம் எழுதிய அன்னையார்க்கு: தங்கள் மகளை அடுத்த ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அனுப்புங்கள். வெள்ளுடை வேண்டாம், சுடிதாரே போதும். காலணி மட்டும் அடி தட்டையாக, நாடா கட்டியதாக இருக்கட்டும். மட்டை வாங்கவேண்டா. பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தில் வகுப்பு இல்லை. பழைய பந்து வைத்திருக்கும் அன்பர்கள் சங்க அலுவலகத்தில் சேர்ப்பித்தால், மூணாற்றிற்கும் பங்கிட்டு அனுப்புவோம்.

மூணாற்று மாணவன் சென்ற வாரம் தொலைபேசியில் பேசினான். நாம் விட்டுவந்த பதினைந்தில் பதினொன்று இருக்கின்றனவாம். நான்கு சரிவில் போய்விட்டனவாம். பாட்டனார் இன்னமும் சனிக்கிழமைகளில் வந்து போட்டுக் கொடுக்கிறாராம். காணாமற்போன பந்துகளைத் தேடத் தேயிலைக்குள் இறங்கினாரா என்று கேட்டோம். இல்லையாம், பேரனைத்தான் இறங்கச் சொன்னாராம்.